ஒரு பேருக்கு 7 ரூபா 3 சதம்

முதலில் நிறையைப் பார்த்துவிடுவோம்.

அந்தக் காலத்து ஸ்நாப் படம் ஒன்று 2¼ அங்குல அகலம், 3¼ அங்குல நீளம். பரப்பு 47 சதுர சென்டிமீட்டர். தடித்த போட்டோத் தாள் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிராம். அந்தக் கணக்கில் ஒரு படம் 1.18 கிராம். இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்ட வீடுகளில் படங்கள் கிடப்பது பெரும்பாலும் பிஸ்கட் டின்னில். ஒரு டின்னில் 40 படம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 47 கிராம். மூன்று தலைமுறையின் கல்யாணம், சடங்கு, சாவு, திருவிழா எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான்.

அடுத்தது விலை. ஒரு கிலோவுக்குச் சுமார் 850 படம் நிற்கும். பழைய பேப்பர், போத்தல் எடுக்க வருபவர் கிலோவுக்கு 50 ரூபா கொடுக்கிறார் என்று வைத்தாலும் ஒரு படம் 6 சதம். கையில் எடுத்துப் பார்க்கும் நேரத்துக்குக்கூட அது கட்டாது.

படங்களைக் கிலோக் கணக்கில் வாங்குவது கற்பனை அல்ல. பெய்ஜிங்கில் கழிவு பிலிமிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் ஒருவரிடம் தோமா சோவேன் என்ற பிரெஞ்சுக்காரர் 2009 முதல் நெகட்டிவ்களை அப்படித்தான் வாங்கினார். ஐந்து லட்சத்துக்கு மேல் சேர்ந்தன. சீனத்துச் சாதாரண மக்களின் கடற்கரைப் பயணம், புது பிரிட்ஜ், பிள்ளையின் பிறந்தநாள் எல்லாம் அவற்றில் இருந்தன. முகங்கள் லட்சக்கணக்கில் கிடைத்தன. பெயர்கள் கிடைக்கவில்லை.

சிக்காகோவில் 2007ல் ஜோன் மலூஃப் ஏலத்தில் எடுத்த பெட்டியின் விலை சுமார் 400 டாலர். அதில் சுமார் 30,000 நெகட்டிவ். ஒன்றுக்கு ஒன்றரை சென்ட்கூட விழவில்லை. எடுத்தவர் விவியன் மேயர் என்ற பிள்ளை வளர்க்கும் தாதி. 2009 ஏப்ரலில் மலூஃப் அந்தப் பெயரைத் தேடியபோது கிடைத்தது, சில நாட்களுக்கு முந்திய மரண அறிவித்தல். ஆளை நேரில் கேட்டிருக்கக்கூடிய காலம் சில நாட்களில் தவறிப்போயிற்று.

பழைய படம் சேர்ப்பவருக்கு இந்த இரண்டு கணக்கும் பாடம். தாள் மலிவு. அதில் இருப்பது யார் என்ற தகவல்தான் விலை உயர்ந்தது. அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டும் வருகிறது. ஊவாவில் உள்ள பெரகல என்ற ஊரை வைத்து அந்தக் கணக்கை எழுதிப் பார்க்கிறேன்.

இரண்டு பேரேடுகள்

பெரகல பெரிய ஊரில்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, அல்துமுல்லை வழியாக ஏறிவரும் ஏ4 சாலை இங்கிருந்து கொஸ்லாந்தை, வெல்லவாயா பக்கம் இறங்கி மட்டக்களப்புக்குப் போகிறது. ஏ16 இங்கே தொடங்கி அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலை வரைக்கும் போகிறது. சந்தி, நாலு கடை, பஸ்சுக்கு நிற்கும் சனம், சுற்றிலும் தோட்டம். இப்படிப்பட்ட ஊரைப் படமெடுக்க யாரும் கேமராவோடு வந்து இறங்குவதில்லை. கேமரா வந்தது அழகைத் தேடி. தெற்கே சமவெளி தெரியும் வளைவு, 220 மீட்டர் விழும் தியலுமை அருவி, 1890ல் தோமஸ் லிப்டன் கட்டிய தம்பேதன்னை இஸ்டோரு, அதாவது தேயிலைத் தொழிற்சாலை, ஆகியவை அதற்குப் போதுமாயிருந்தன.

இலங்கையில் போட்டோ பிழைப்பு 1860களிலேயே சூடு பிடித்துவிட்டது. கொழும்பில் ஸ்கீன் குடும்பத்தார், 1870களில் கண்டியில் சார்ல்ஸ் ஸ்கோவன், 1890ல் தொடங்கிய பிளாடே கம்பெனி. மலைநாட்டுத் தோட்டங்களும் கொழுந்து எடுக்கும் பெண்களும் இவர்களுடைய அல்பங்களிலும் பின்னர் போஸ்ட்கார்டுகளிலும் திரும்பத் திரும்ப வந்தார்கள். படத்தின் கீழே என்ன எழுதியிருக்கும்? தமிழ்க் கூலிகள், கொழுந்தெடுக்கும் பெண், தமிழ்ச் சிறுமி. எடுத்தவர் பெயர் அச்சில் இருக்கும். எடுக்கப்பட்டவர் பெயர் இருக்காது.

புகழ்பெற்ற போட்டோக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனும் இதற்கு விலக்கில்லை. 1875ல் இங்கே வந்து 1879 ஜனவரி 26ல் மலைநாட்டில் இறந்த அவர், பொகவந்தலாவையில் அடக்கமாகியிருக்கிறார். இலங்கையில் அவர் எடுத்ததாகத் தெரிந்த படங்கள் 30க்கும் குறைவு. களுத்துறையில் 1878ல் எடுத்த மூவர் படத்துக்கு அவர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு வயது 12. கிழவர் தன்னை அவளுடைய தகப்பன் என்றும் தனக்கு வயது 100 என்றும் சொல்கிறார். வயது இருக்கிறது, உறவு இருக்கிறது, சற்றுச் சந்தேகமும் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை.

அதே காலத்தில் தோட்டத்து ஆபீசில் இன்னொரு பேரேடு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது: செக்ரோல். காலைப் பெரட்டில், அதாவது ஆள்கணக்கு எடுக்கும் வரிசையில், கணக்கப்பிள்ளை ஆளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். வேலைக்கு வந்தவருக்கு அன்றைய கட்டத்தில் ஒரு கோடு. மலையகத் தமிழில் ஒரு நாள் சம்பளத்துக்கே 'பேர்' என்று பெயராகிவிட்டது. கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப் பேர்'. சம்பளக் கிழமையில் 'எத்தனை பேர் விழுந்துச்சு' என்பதே கேள்வி. உலகத்தில் வேறெங்கும் ஒரு மனிதனின் பெயரைப் பாதியாக அறுத்துக் கணக்கெழுதினார்களா என்று எனக்குத் தெரியாது. இங்கே எழுதினார்கள்.

ஆக, செக்ரோலில் பெயர் உண்டு, முகம் இல்லை. போஸ்ட்கார்டில் முகம் உண்டு, பெயர் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் சேரும் ஒரே ஆவணம் வீட்டு பிஸ்கட் டின். அங்கேயும் பெயர் தாளில் இருப்பதில்லை, யாரோ ஒரு கிழவியின் வாயில் இருக்கிறது.

கேமரா எத்தனை நாள் கூலி

கோடாக் கம்பெனி 1888ல் முதல் கேமராவை விற்றபோது விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான பிலிம். முடிந்ததும் கேமராவை அப்படியே அனுப்பினால் 10 டாலருக்குக் கழுவி, அச்சிட்டு, புதுச் சுருள் போட்டுத் தருவார்கள். ஒரு படத்துக்கு 10 சென்ட். 1900ல் பிரவுனி வந்தது: அமெரிக்காவில் 1 டாலர், இங்கிலாந்தில் 5 ஷில்லிங். ஒரு வருடத்துக்குள் 150,000க்கு மேல் போயிற்று.

ஐந்து ஷில்லிங்கை அன்றைய மாற்றுவிகிதத்தில், அதாவது ரூபாவுக்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று, நம் பணமாக்கினால் 3 ரூபா 75 சதம். தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் வந்தது 1927ல். அது மலைநாட்டில் நடைமுறையானபோது ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். பிரவுனி வந்து ஏறத்தாழ 30 வருடம் கழித்து வந்த அந்தச் சம்பளத்தை வைத்தே கணக்கிட்டாலும், அந்த மலிவான கேமராவுக்கு ஆண் 7 பேர் போட வேண்டும், பெண் 9 பேர் போட வேண்டும். அதற்கு மேல் பிலிம், கழுவு கூலி, தபால்.

அதனால்தான் 1930களுக்கு முந்திய ஊவா ஸ்நாப் படங்கள் ஒரே பக்கத்திலிருந்து பார்க்கின்றன. துரை பங்களா புல்வெளி, தேநீர் மேசை, நாய், குதிரை. தூரத்தில், படத்தின் ஓரத்தில், வெள்ளை உடுப்பில் ஒரு அப்பு, அதாவது பங்களா வேலைக்காரர். சேகரிப்பவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியது அந்த ஓரத்தைத்தான்.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. தியத்தலாவையில் 1900 முதல் 1902 வரை தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட சுமார் 5,000 போயர் கைதிகள் இருந்தார்கள். அந்த முகாமின் படங்களும் போஸ்ட்கார்டுகளும் இன்றும் சேகரிப்பாளர் தேடும் சரக்கு. இரண்டு வருடம் இருந்து போன கைதிகளின் படம் கிடைக்கிறது. பக்கத்து மலையில் அதே இரண்டு வருடம் கொழுந்து எடுத்தவர்களின் படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தோட்டத்து ஆட்கள் தங்கள் படத்தைத் தாங்களே எடுக்கச் சொல்லிக் காசு கொடுத்தது ஸ்டூடியோவில். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை டவுனுக்கு ரயிலில் போவார்கள். ரயில் அப்புத்தளைக்கு 1893லும் பண்டாரவளைக்கு 1894லும் வந்துவிட்டது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆயிற்று. பின்னால் தீட்டிய திரை, முக்காலியில் பிளாஸ்டிக் பூ, கைக்கு ஒரு கைக்கடிகாரம். கடிகாரம் பெரும்பாலும் ஸ்டூடியோக்காரருடையது. ஒரே கடிகாரம் வெவ்வேறு வீட்டு டின்னில் வெவ்வேறு கையில் கட்டியிருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படக் கூடாது. ஒரே ஸ்டூடியோ என்று கண்டுபிடிக்க அதுவே தடயம்.

பிறகு கட்டாயத்தில் எடுத்த படங்கள் வந்தன. கடவுச்சீட்டுக்குப் படம். 1968ன் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டைக்குப் படம். பல பாட்டிமாருக்கு வாழ்நாளில் தனியாக எடுத்த ஒரே படம் அரசாங்கம் கேட்டு எடுத்ததுதான். மாலை போட்டுச் சுவரில் தொங்குவதும் அதைப் பெருப்பித்ததுதான்.

தேதி இல்லாத படத்துக்குத் தேதி போடுவது

படத்தின் பின்னால் தேதி எழுதும் பழக்கம் நம்மிடம் குறைவு. ஆனால் படமே கணக்குச் சொல்லும். முதலில் அளவுகோலை வையுங்கள். 120 பிலிம் 1901ல் வந்தது. அதில் 2¼க்கு 3¼ அங்குலம் என்றால் சுருளுக்கு 8 படம், 2¼ அங்குலச் சதுரம் என்றால் 12 படம். படம் அந்த அளவிலேயே இருந்தால் நெகட்டிவைத் தாளில் வைத்து அப்படியே அச்சிட்டது, பெருப்பிக்கவில்லை. 36 படம் பிடிக்கும் 35 மில்லிமீட்டர்ச் சுருள் 1934ல் வந்தது என்றாலும் நம் பக்கத்து வீடுகளுக்கு வந்தது வெகுகாலம் கழித்து. தாளின் முதுகு வழவழவென்று பிளாஸ்டிக் பூசியதுபோல் இருந்தால் 1970களுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஓரம் அலையலையாக வெட்டியிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

அடுத்து படத்துக்குள் இருக்கும் பொருட்கள். சந்தியில் நிற்கும் பஸ்சில் தனியார் கம்பெனிப் பெயர் இருந்தால் 1958 ஜனவரிக்கு முன்; அன்றுதான் எல்லாம் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குப் போயிற்று. வண்டி இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்தா, சிங்கள ஸ்ரீயா என்று பாருங்கள். ஸ்ரீ வந்தது 1950களின் பிற்பகுதியில். கடைப் பலகையிலோ முத்திரையிலோ சிலோன் என்று இருந்தால் 1972 மே 22க்கு முந்தியதாக இருக்கலாம். பலகையை மாற்றக் காசில்லாத கடைகள் அதற்குப் பிறகும் சிலோனாகவே இருந்ததால் 'இருக்கலாம்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

தேதி கிடைத்தால் அடுத்த கணக்குத் தானாக வரும்: இந்தப் படத்தில் இருப்பவரை அடையாளம் சொல்லக்கூடியவருக்கு இப்போது என்ன வயது? படம் எடுத்தபோது குறைந்தது 8 வயதாவது இருந்தால்தான் பெரியவர்களின் முகமும் பெயரும் மனதில் நிற்கும் என்று வைத்தேன். 2025ல் அந்தச் சாட்சியின் வயது:

1930ல் எடுத்த படம்: 103
1948ல் எடுத்த படம்: 85
1958ல் எடுத்த படம்: 75
1964ல் எடுத்த படம்: 69
1972ல் எடுத்த படம்: 61

1930க்கு இனி நேரடிச் சாட்சி இல்லை என்றே எழுதிக்கொள்ளலாம். 1948க்கு ஒரு தோட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கண் தெரிய வேண்டும். 2¼ அங்குலப் படத்தில் ஒரு முகம் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் போன டின்கள்

பெரகலையின் படங்களைச் சேர்க்க நினைப்பவர் பெரகலையில் மட்டும் தேடினால் பாதிக்கு மேல் கிடைக்காது. காரணம் அரசியல், அதற்கும் கணக்கு இருக்கிறது.

1948ன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1949ன் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் சுமார் 825,000 பேருக்காக 237,034 விண்ணப்பங்கள் போயின. விண்ணப்பத்துக்கு மூன்றரைப் பேர். குடியுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. நூற்றுக்கு 16.

1964 அக்டோபர் 30ல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டார்கள். 1974ல் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று இரண்டு நாடும் பங்கு போட்டன. இங்கே 4 பேருக்குக் குடியுரிமை கொடுத்தால் அங்கே 7 பேர் போக வேண்டும் என்பது விகிதம். குடும்பங்கள் அந்த விகிதத்துக்கு ஏற்ப உடைந்தன. அண்ணன் போனார், தங்கச்சி நின்றாள். அல்பமும் உடைந்தது. கல்யாணப் படத்தின் இரண்டு பிரதியில் ஒன்று அங்கே, ஒன்று இங்கே.

1971 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 1,174,606. 1981ல் 818,656. பத்து வருடத்தில் 355,950 குறைவு. தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்களும் இதில் உண்டு. ஆனாலும் பெரும்பகுதி தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். 1984ல் கப்பல் நின்றது.

டிரங்குப் பெட்டியில் போன அந்த டின்கள் இன்று கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறைப் பக்கம் இருக்கின்றன. திரும்பிப் போனவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. நீலகிரியில் ஒரு லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், சுவரில் அப்புத்தளை ஸ்டூடியோ முத்திரை உள்ள படம் தொங்கினால் அது வழி தவறிவந்ததில்லை. பெரகல படங்களைத் தேடுபவருடைய முகவரிப் புத்தகத்தில் நீலகிரிக்கும் பக்கம் வேண்டும்.

இருந்தவர்களின் டின்களுக்கு வேறு ஆபத்து. லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, 120 சதுர அடி. அதற்குள் அடுப்பு, கட்டில், சாமி படம், பிள்ளைகளின் புத்தகம். ஒரு அறையில் தீ பிடித்தால் வரிசை முழுவதும் போகும். கூரை ஒழுகினால் முதலில் நனைவது சுவரில் தொங்கும் படம்.

2014 அக்டோபர் 29 காலை, பெரகலையிலிருந்து கொஸ்லாந்தைக்கு இறங்கும் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லயங்கள், கோயில், ஆட்கள் எல்லாம் மண்ணுக்குள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு 50 வருடம் நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி இருந்தது. ஒப்பந்தத்துக்குத் தப்பி இந்த மண்ணிலேயே தங்கிய குடும்பங்களின் வீடுகள் அவை. இறந்தவரின் படம் வேண்டும் என்று அன்று தேடியவர்களுக்கு டின்னும் இல்லை, சுவரும் இல்லை. வேறு ஊரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் ஒரு பிரதி இருந்தவர்களுக்கு மட்டும் முகம் மிஞ்சியது. பிரதி எடுத்து வைப்பதற்கு இதைவிட வேறு காரணம் சொல்லத் தேவையில்லை.

ஒரு டின்னின் செலவுக் கணக்கு

இனி வேலைக்கு வருவோம். 40 படம், ஒவ்வொன்றிலும் சராசரி 4 பேர், மொத்தம் 160 முகம். இந்த அளவை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். மீதி பெருக்கலும் வகுத்தலும்.

ஸ்கேன்: 2¼க்கு 3¼ அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்று எடுத்தால் 1,350 பெருக்கல் 1,950 புள்ளி. சுருக்காத கோப்பு 7.9 மெகாபைட். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 40 படத்துக்கு 632 மெகாபைட். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் எடுங்கள். ஸ்டூடியோவின் ஊதா முத்திரை கண்ணுக்கு மங்கிப் போனாலும் ஸ்கேனில் சில வேளை எழும்பி வரும்.

நேரம்: மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, இரண்டு பக்கமும் எடுத்து, இலக்கம் போட்டுச் சேமிக்கப் படத்துக்கு 6 நிமிடம். டின்னுக்கு 4 மணி.

கருவி: பழைய ஸ்கேனர் ஒன்று 25,000 ரூபா என்று வைத்தால், 2024ல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பதினெட்டரைப் பேர். ஒருவர் வாங்கி பத்து டின் எடுத்தால் டின்னுக்கு 2,500.

பெயர் கேட்பது: ஒரு படத்துக்கு 10 நிமிடம். டின்னுக்கு 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். வயதானவரை ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கக் கூடாது. ஆகவே 7 தடவை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார்கள். ஆக, ஏறத்தாழ இரண்டு மாதம். சம்பளக் கிழமையில் போகாதீர்கள். அன்று வீட்டில் பேசுவது வேறு கணக்கு.

ஒலிப்பதிவு: அந்த 400 நிமிடத்தையும் சாதாரணத் தரத்தில் பதிந்தால் 192 மெகாபைட். படங்கள் பிடிக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பத்து வருடம் கழித்து அதிகம் கேட்கப்போவது இதைத்தான்.

பாதுகாப்பு: படத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் செலவு சொற்பம். பூஞ்சணத்துக்குக் காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் போதும். அப்புத்தளை மூடுபனியில் அதற்குப் பஞ்சமில்லை. இறுக மூடும் பிஸ்கட் டின் உண்மையில் நல்ல பெட்டி. காய்ந்த நாளில் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டால் போதும். பசை பூசிய பக்கத்தில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் அல்பம்தான் எதிரி. அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தோடு சேர்ந்துவிடும். உரித்தால் முகமும் உரிந்து வரும். பின்பக்கத்தில் எழுதப் பேனை வேண்டாம். மென்மையான பென்சில், அதுவும் ஓரத்தில், அழுத்தாமல்.

இப்போது பெயரின் விலை. பெயர் சொல்பவர் கொடுப்பது வேலை நேரம். ஒரு நாளை எட்டு மணி என்று வைத்தால் மணிக்கு 168 ரூபா 75 சதம். 6 மணி 40 நிமிடத்துக்குச் சரியாக 1,125 ரூபா. அதை 160 முகத்துக்கு வகுத்தால் ஒரு பேருக்கு 7 ரூபா 3 சதம். படமொன்றில் நான்கு பேர்: 28 ரூபா 12 சதம். தாளின் விலை 6 சதம் என்று தொடங்கினோம். அந்தத் தாளில் இருப்பவர்களின் பெயர் அதைவிட ஏறத்தாழ 470 மடங்கு. இத்தனையும் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு சேகரிப்பு என்பதன் பொருள் மாறுகிறது. காசு கொடுத்துப் படத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுபவர் 6 சதத்தை எடுத்துக்கொண்டு 28 ரூபாவைத் திண்ணையில் விட்டுவிட்டுப் போகிறார். படம் வீட்டிலேயே இருக்கட்டும். பிரதியும் பெயரும் வெளியே போகட்டும் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பிரதி போய்ச் சேர இடங்கள் இருக்கின்றன. 2005ல் தொடங்கிய நூலக நிறுவனம் ஆவணகம் என்ற பெயரில் படம், ஒலி, கடிதம் எல்லாவற்றையும் எண்ணிமமாக்கி வைக்கிறது. கம்பளைப் பக்கம் பழைய லயம் ஒன்றிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தியாவில் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களை எண்ணிமமாக்கியிருக்கிறது. நீலகிரி டின்னையும் பெரகல டின்னையும் ஒரு நாள் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால் பிரிந்த இரண்டு பிரதியும் சேரும்.

பாக்கி

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லாமல் மற்றவர் கணக்கை எழுதுவது முறையில்லை.

என்னிடம் உள்ள ஒரு ஸ்டூடியோ படத்தில் ஐந்து பேர். நடுவில் நாற்காலியில் தாத்தா. கோட்டு அவருடையதில்லை, தோள்பட்டை இரண்டு பக்கமும் தொங்குகிறது. கீழே வேட்டி, செருப்பில்லாத கால். பக்கத்தில் அப்பாயி. முந்தானையை இழுத்து இரண்டு கையையும் மூடியிருக்கிறார். கொழுந்துக் கறை படிந்த விரல் படத்தில் விழக் கூடாது என்று அப்படிச் செய்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். முன்னால் இரண்டு பிள்ளைகள், ஒன்று என் அப்பா. அசைந்துவிட்டதால் அவர் முகம் மட்டும் கலங்கியிருக்கிறது.

ஐந்தாவது ஆள் ஓரத்தில் நிற்கும் ஒரு பெண். பதினாறு, பதினேழு வயதிருக்கும். திரையில் தீட்டிய தூணில் கை வைப்பதுபோல் நிற்கிறாள். தூண் துணியில் இருப்பதால் கை காற்றில் நிற்கிறது. அப்பாயி உயிரோடு இருந்தபோது ஒரு தடவை கேட்டேன்.

"அப்பாயி, இந்தப் புள்ள யாரு?"

"அவ மேக்கணக்கு லயத்துப் புள்ளடா. எங்க கூடத்தான் டவுனுக்கு வந்தா. படத்துல நில்லுன்னு சொன்னேன், நின்னா. பொறவு அவுங்க ஊருக்குப் போயிட்டாங்க."

"பேரு?"

அடுப்பில் ஏதோ பொங்கியது. அப்பாயி எழுந்து போனார். நானும் அன்றைக்கு அதை விட்டுவிட்டேன். அடுத்த தடவை கேட்கலாம் என்று நினைத்தேன். அடுத்த தடவைகள் நிறைய வந்தன, கேட்கவில்லை.

படத்தின் பின்னால் பென்சிலில் நான்கு பெயர் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்தாவது வரியில் 'மேக்கணக்கு, ஊருக்குப் போனவர்' என்று மட்டும் இருக்கிறது. மேக்கணக்கு என்பது தோட்டத்தின் மேல் பிரிவு; ஊர் என்றால் இந்தியா. அவர் இருந்தால் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். கூடலூரிலோ கோத்தகிரியிலோ அவர் வீட்டு டின்னில் இதே படத்தின் இன்னொரு பிரதி இருக்கலாம். அதன் பின்னால் அவருடைய பெயரும், எங்கள் நால்வருக்குப் பதிலாக 'கீக்கணக்குக்காரர்கள்' என்ற ஒரு வரியும் எழுதியிருக்கலாம்.

வரவு 4 பேர். பாக்கி 1. அது 7 ரூபா 3 சதத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய பேர்.